கிளட்ச்ச மெதுவா விடுங்க
வாசகர் கேள்விகளுக்கு டிரைவிங் மாஸ்டர் பதில்கள்

மே மாசம் வந்தாலே எனக்கு வர்ற தபால் எல்லாம் ஒரே விஷயமாத்தான் இருக்கும். பிளஸ் டூ முடிச்ச பையன், லீவுல வீட்ல இருக்கற டீச்சர், செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி வாசல்ல கவர் போட்டு வச்சுட்டு தெனம் தொடச்சு மட்டும் வைக்கறவர், எல்லாருக்கும் வண்டி பழகணும், லைசன்ஸ் எடுக்கணும். இருபது வருசமா பக்கத்து சீட்ல உக்காந்து அடுத்தவங்க ஓட்டறதப் பாத்தே பொழைக்கறவன் நான், அதனால பதில் சொல்ற தகுதி இருக்குன்னு ஆசிரியர் நெனைக்கறார் போல. சரி, ஆரம்பிக்கலாம்.

"மாஸ்டர், எனக்கு 43 வயசு. டிரைவிங் ஸ்கூல்ல 15 நாள் முடிச்சாச்சு. இன்னும் வண்டிய நகத்தும்போது ரெண்டு தடவ ஆஃப் ஆயிடுது. வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்தா நாலு தடவ ஆஃப் ஆகுது. வயசானதால வராதா?"
– வாசகி, திண்டுக்கல்

அம்மா, ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல இருக்கற அந்த ரெண்டு தடவ உங்க வீட்டுக்காரர் கணக்குல எழுதுங்க, வயசு கணக்குல எழுதாதீங்க. எல்எல்ஆர், அதாவது பழகுநர் லைசன்ஸ், வச்சுப் பழகும்போது லைசன்ஸ் உள்ள ஒருத்தர் பக்கத்துல இருந்தே ஆகணும், அது சட்டம், ஆனா அவர் புருசனாத்தான் இருக்கணும்னு எந்த சட்டத்துலயும் சொல்லல. தம்பி, அண்ணன் மக, எதிர்வீட்டு ரிட்டயர்டு டிரைவர் யாராவது வாய் அதிகம் பேசாத ஆளாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க.

அடுத்தது அந்த 15 நாள். நாளை எண்ணாதீங்க, ஸ்டியரிங் உங்க கையில எத்தன நிமிஷம் இருந்துச்சுன்னு எண்ணுங்க. ஒரு வண்டியில மூணு பேர ஏத்திட்டுப் போயி ஆளுக்கு இருபது நிமிஷம் குடுப்பாங்க, மிச்ச நேரம் பின் சீட்ல உக்காந்து அடுத்தவங்க திட்டு வாங்கறத வேடிக்க பாக்கறதுதான். 15 நாள் இருபது நிமிஷம்னா மொத்தமே 5 மணி நேரம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல 31ஆவது விதியப் பாத்தீங்கன்னா கார் மாதிரி சொந்த வண்டிக்கு பயிற்சி 21 நாளுக்குக் கொறையக் கூடாது, கையால ஓட்டறது 10 மணி நேரத்துக்குக் கொறையக் கூடாதுன்னு இருக்கு. அப்ப நீங்க பாதிதான் பழகியிருக்கீங்க. பாதி வெந்த சோத்த எறக்கி வச்சுட்டு அரிசி சரியில்லன்னு சொன்னா எப்படி?

இப்ப கிளட்ச்சுக்கு வருவோம். மொதல்ல சீட். நெறைய பேருக்கு, குறிப்பா குள்ளமா இருக்கறவங்களுக்கு, சீட் பின்னாடி தள்ளி இருக்கும், முன்னாடி ஓட்டின ஆறடி ஆளு வச்சது அப்படியே இருக்கும், கேக்கக் கூச்சப்பட்டுட்டு கால் விரல் நுனியால கிளட்ச்ச எட்டி எட்டி மிதிப்பாங்க. நுனிக்கால்ல மிதிச்சா விடும்போது டபக்குனு வந்துரும், வண்டி ஒரு குதி குதிச்சு ஆஃப் ஆயிடும். கிளட்ச் முழுசா அமுக்கின நெலமையில முட்டி லேசா மடங்கியிருக்கணும், அந்த அளவுக்கு சீட்ட முன்னாடி இழுங்க, பத்தலன்னா முதுகுக்கு ஒரு தலகாணி வைங்க. மெத்து மெத்துனு இருக்கற செருப்பு வேண்டாம், கால்ல பெடல் தெரியணும். பொடவ கட்டிட்டு ஓட்டறதா இருந்தா கொசுவத்த கொஞ்சம் தூக்கிச் செருகிக்கங்க, எங்கிட்ட பழகின ஒரு அம்மாவுக்கு கொசுவம் பெடலுக்கும் காலுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நல்லவேள எம் பக்கத்து பிரேக் இருந்துச்சு.

அப்புறம் சமதளமான ஒரு கிரவுண்டுக்குப் போங்க. ஃபர்ஸ்ட் கியர் போட்டு ஆக்ஸிலரேட்டர தொடவே தொடாதீங்க. குதிகால தரையில ஊனிக்கிட்டு கிளட்ச்ச மட்டும் மெதுவா விடுங்க. ஒரு எடத்துல இஞ்சின் சத்தம் கம்மிப் போகும், வண்டி லேசா நடுங்கும், மூக்கு தூக்கற மாதிரி இருக்கும். அங்க நிறுத்துங்க. காலை அசைக்காம ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுங்க. வண்டி தானா நகரும். நகந்த பிறகு மிச்சத்த விடுங்க. திரும்ப நிறுத்துங்க. இத ஒரே நாள்ல முப்பது தடவ செய்ங்க, ஊரச் சுத்த வேண்டாம், அந்த கிரவுண்ட விட்டு வெளிய வரவே வேண்டாம். மறுநாள் உங்க இடது காலுக்கே அந்த எடம் தெரியும். இதத்தான் ஹாஃப் கிளட்ச், பாதி கிளட்ச்னு சொல்றோம், பேரு தெரிஞ்சவங்க நெறைய, எடம் தெரிஞ்சவங்க கம்மி.

இன்னொண்ணு, நாப்பது தாண்டிட்டதால டாக்டர் கையெழுத்து போட்ட மெடிக்கல் சர்டிபிகேட், ஃபார்ம் 1ஏ, அதுவும் வேணும். எல்எல்ஆருக்கே கேட்டிருப்பாங்க. பொம்பளைங்களுக்கு எதுக்கு காருன்னு வீட்ல யாராவது ஆரம்பிச்சா, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993லயே அரசு பஸ்ஸுக்கு டிரைவரா சேந்தவங்கன்னு மட்டும் சொல்லிட்டு சாவிய எடுத்துட்டுக் கெளம்புங்க.

"எல்எல்ஆர் டெஸ்ட்லயே ஃபெயில் ஆயிட்டேன் சார். வெளிய சொன்னா வெக்கம். போர்டு படம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."
– ஃபைனல் இயர் மாணவன், கும்பகோணம்

அறுபது சதவீதம் சரியா சொன்னாப் போதும் தம்பி, அதுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு மணி நேரம் போதும். படத்த மனப்பாடம் பண்ணாத, வடிவத்தப் பாரு. செவப்பு முக்கோணம்னா எச்சரிக்கை, முன்னாடி வளைவு இருக்கு, ஸ்கூல் இருக்கு, ஸ்பீட் பிரேக்கர் இருக்குன்னு அர்த்தம். செவப்பு வட்டம்னா செய்யாதே. நீல வட்டம்னா இப்படித்தான் செய்யணும். நீலத்துல சதுரம், செவ்வகம்னா தகவல், ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க் மாதிரி. எட்டு மூலை இருக்கற ஒரே போர்டு ஸ்டாப். தலகீழா நிக்கற முக்கோணம்னா வழி விடு. நிறையப் பேர் கோட்ட விடறது நோ பார்க்கிங், நோ ஸ்டாப்பிங் ரெண்டுலதான், ஒரு கோடு குறுக்க போனா பார்க் பண்ணக் கூடாது, ரெண்டு கோடு பெருக்கல் குறி மாதிரி போனா நிக்கவே கூடாது.

அப்புறம் யாருக்கு மொத வழிங்கற கேள்வி கட்டாயம் வரும். சிக்னலும் போலீசும் போர்டும் இல்லாத ஜங்ஷன்ல உன் வலது பக்கத்துலேர்ந்து வர்ற வண்டிக்கு வழி விடணும். ரவுண்டானாவுல ஏற்கனவே உள்ள சுத்திட்டிருக்கறவனுக்கு. மலை ரோட்டுல மேல ஏறி வர்றவனுக்கு. ரோட்ல இத யாரும் பாக்கறதில்லையேன்னு கேக்காத, கம்ப்யூட்டர் பாக்கும்.

"மாஸ்டர் எட்டு போடறப்ப ரெண்டு தடவயும் கால ஊனிட்டேன். ஊர்ல நான் கைய விட்டுட்டு வண்டி ஓட்டறவன். எட்டுல மட்டும் ஏன் இப்படி?"
– பெயர் வெளியிட வேண்டாம், விருதுநகர்

கைய விட்டுட்டு ஓட்டறது வேகத்துல. எட்டு போடறது மெதுவா. சைக்கிளே வேகமாப் போனா நிக்கும், மெதுவாப் போனா சாயும், இல்லையா. பைக் ஓட்டத் தெரியுமான்னு பாக்கறதுக்கு மெதுவா ஓட்டச் சொல்றதவிட நல்ல பரீட்சை கெடையாதுங்கறது என் அபிப்பிராயம்.

நீ என்ன பண்றன்னா வளைவுல பயந்து ஆக்ஸிலரேட்டர முழுசா விடற, வண்டி தொங்குது, கால் இறங்குது. அதுக்குப் பதிலா ஃபர்ஸ்ட் கியர்ல ஆக்ஸிலரேட்டர ஒரே அளவா லேசா முறுக்கிப் பிடிச்சுக்க, வேகத்த கிளட்ச்சாலயும் பின் பிரேக்காலயும் அடக்கு. முன் பிரேக்க வளைவுல தொடாத, ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பிடிச்சா உடனே படுத்துடும். கண்ணு முன் டயரப் பாக்கக் கூடாது, அடுத்து எங்க திரும்பணுமோ அங்க பாக்கணும், தலை திரும்பினா தோள் திரும்பும், தோள் திரும்பினா ஹேண்டில் தானா திரும்பும். வீட்டு மாடியிலயோ கிரவுண்டுலயோ ரெண்டு செங்கல்ல தள்ளித் தள்ளி வச்சு சுத்திப் பழகு, பழகப் பழக செங்கல்ல கிட்டக் கொண்டுவா.

ஃபெயில் ஆனா 7 நாள் கழிச்சு திரும்ப வரலாம். மூணு தடவ ஃபெயில்னா அடுத்ததுக்கு 60 நாள் காத்திருக்கணும், சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு, அதனால மூணாவது தடவைக்கு அவசரப்பட்டு ஸ்லாட் போடாத. தங்கச்சி ஸ்கூட்டிய எடுத்துட்டுப் போயி சுலபமா எட்டு போட்டுடலாம்னு யோசனை வரும், போடலாம், ஆனா கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் லைசன்ஸ் கெடைக்கும். ஹெல்மெட் போட்டுட்டுப் போ.

"பையனுக்கு 17 வயசு. தெருவுக்குள்ள மட்டும் பைக் எடுக்கறான். நல்லா ஓட்டறான் சார். இதெல்லாம் பெருசா எடுத்துக்குவாங்களா?"
– தந்தை, திருப்பூர்

எடுத்துக்குவாங்க. 2019ல திருத்தின மோட்டார் வாகன சட்டத்துல 199ஏ பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. 18 வயசு ஆகாத பையன் வண்டி ஓட்டித் தப்பு பண்ணி மாட்டினா, குத்தவாளி அவனோட அப்பாவோ வண்டி ஓனரோதான், 25,000 ரூபாய் அபராதம், 3 வருசம் வரைக்கும் ஜெயில், வண்டியோட ரிஜிஸ்ட்ரேஷன் ஒரு வருசத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசன்ஸ் கெடையாது. நீங்க பெருமையா "நல்லா ஓட்டறான்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அத மட்டும் எந்த போலீஸ்காரர்கிட்டயும் சொல்லிடாதீங்க. 16 வயசுல 50 சிசிக்கு மேல போகாத கியர் இல்லாத வண்டிக்குத்தான் பெத்தவங்க சம்மதத்தோட லைசன்ஸ் உண்டு. இன்னும் ஒரு வருசம்தானே, சைக்கிள் இருக்குல்ல.

"ஒருத்தர் ஒன்பதாயிரம் குடுங்க, டெஸ்டுக்கு வந்து தலையக் காட்டினாப் போதும், ஓட்டவே வேண்டாம்னு சொல்றாரு. எல்லாரும் அப்படித்தான் வாங்கறாங்களாம். குடுக்கலாமா?"
– ஐடி ஊழியர், சென்னை

மொதல்ல கணக்கப் பாருங்க. மத்திய விதியில போட்டிருக்கற கட்டணம் எல்எல்ஆருக்கு ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், அந்த டெஸ்டுக்கு 50. டிரைவிங் டெஸ்டுக்கு ஒரு வகைக்கு 300, லைசன்ஸுக்கு 200. ஸ்மார்ட் கார்டு, சேவைக் கட்டணம்னு இதுக்கு மேல கொஞ்சம் சேரும். பைக், கார் ரெண்டும் சேத்து எடுத்தாலும் ஒன்பதாயிரம் பக்கத்துலகூட வராது. பரிவாகன் சாரதிங்கற அரசு போர்ட்டல்ல நீங்களே அப்ளை பண்ணி நீங்களே ஸ்லாட் எடுக்கலாம், தெரியலன்னா இ-சேவை மையத்துக்குப் போங்க. ஐடியில வேல பாக்கற நீங்க ஒரு ஃபார்ம் ஃபில் பண்ண ஆள் தேடறீங்க, சிரிக்கறதா அழறதா தெரியல.

டிரைவிங் ஸ்கூல் ஃபீஸ் வேற, அது நீங்க பழகற நேரத்துக்கு, பெட்ரோலுக்கு, மாஸ்டரோட தொண்டத் தண்ணிக்கு. அதுல தப்பில்ல. ஓட்டாம லைசன்ஸ் வாங்கறதுக்குக் குடுக்கற காசுதான் தப்பு. பல வருசத்துக்கு முன்னாடி எங்கிட்ட ஒருத்தர் வந்தார், கையில லைசன்ஸ் இருக்கு, ஆறு வருசம் ஆச்சாம், கார் வாங்கிட்டார், பிரேக் எது கிளட்ச் எதுன்னு தெரியல. லைசன்ஸ் எப்படி வந்துச்சுன்னு கேட்டேன், "அதெல்லாம் அப்ப முடிச்சுக் குடுத்துட்டாங்க மாஸ்டர்"னார். கடைசியில எங்கிட்டயும் முழு ஃபீஸ் கட்டித்தான் பழகினார். ரெண்டு செலவு.

இன்னொரு விஷயம், எல்எல்ஆர் எடுத்து 30 நாள் ஆகாம டெஸ்டுக்குப் போக முடியாது, 6 மாசம் தாண்டினா எல்எல்ஆரே செத்துடும், திரும்ப முதல்லேர்ந்து. நிறைய ஐடி பசங்களுக்கு இதுதான் நடக்குது, "அடுத்த வாரம், அடுத்த வாரம்"னு.

"கார் டெஸ்ட்ல பிரேக் இன்ஸ்பெக்டர் என்னதான் பாப்பாங்க? எங்க மாஸ்டர் 'ஒண்ணும் இல்லம்மா நேரா போய் நேரா வரணும்'னு மட்டும் சொல்றார்."
– நர்ஸ், தஞ்சாவூர்

மோட்டார் வாகன ஆய்வாளருக்கு நம்ம ஊர்ல இன்னும் பிரேக் இன்ஸ்பெக்டர்தான் பேரு, அந்தப் பேரு போகாது போல. உங்க மாஸ்டர் சொன்னது அரைகுறை. மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 15ஆவது விதியில எதையெல்லாம் சோதிக்கணும்னு நீளமா ஒரு பட்டியலே இருக்கு, கண்ணாடிய சரி பண்றது, எடுக்கறதுக்கு முன்னாடி சுத்திப் பாக்கறது, ஏத்தத்துல எடுக்கறது, கியர் மாத்தறது, திரும்பறது, திடீர்னு நிறுத்தறது, ரிவர்ஸ்ல ஒரு சந்துக்குள்ள நுழையறது, எல்லாம். ஒவ்வொரு ஆபீஸ்லயும் எடமும் கூட்டமும் வேற வேற, சில எடத்துல டிராக் இருக்கும், சில எடத்துல ரோட்டுலயே ஓட்டச் சொல்வாங்க, அதனால எத விடுவாங்க எதக் கேப்பாங்கன்னு யாரும் அடிச்சு சொல்ல முடியாது.

ஆனா இருபது வருசமா நான் வெளிய வெயில்ல நின்னு பாத்ததுல ஒண்ணு சொல்றேன். மார்க் போறது ஓட்டறப்ப இல்ல, வண்டி எடுக்கறதுக்கு முந்தின பத்து செகண்டுல. நல்லா ஓட்டற ஒரு பையன், அப்பாவோட காய்கறி வண்டிய வருசக் கணக்கா ஓட்டினவன், ஏறினான், ஸ்டார்ட் பண்ணான், ஒரே கையில ஸ்டியரிங்க சுத்தி சர்னு எடுத்தான். பெல்ட் போடல, கண்ணாடியப் பாக்கல, பின்னாடி ஒரு ஸ்கூட்டி வந்துச்சு. இருபதடி போகல, எறங்கச் சொல்லிட்டாங்க. அதே நாள்ல ஒரு ஸ்கூல் டீச்சர், கை நடுங்குது, பாதியில ஆஃப் ஆயிடுச்சு. பதறல. ஹேண்ட் பிரேக் இழுத்தாங்க, நியூட்ரல் பண்ணாங்க, ஸ்டார்ட் பண்ணாங்க, கண்ணாடியப் பாத்தாங்க, இண்டிகேட்டர் போட்டாங்க, எடுத்தாங்க. பாஸ். ஆஃப் ஆனதுக்காக ஃபெயில் பண்றத நான் ரொம்ப அபூர்வமாத்தான் பாத்திருக்கேன், ஆஃப் ஆன உடனே திரும்பி இன்ஸ்பெக்டர் மூஞ்சியப் பாக்கறாங்க பாருங்க, அங்கதான் போகுது.

அதனால வரிசையா பழகுங்க, சீட், கண்ணாடி, பெல்ட், கியர் நியூட்ரலான்னு ஆட்டிப் பாக்கறது, ஸ்டார்ட், இண்டிகேட்டர், வலது தோளுக்கு மேல ஒரு பார்வை, அப்புறம் ஹேண்ட் பிரேக். காபி போடற மாதிரி யோசிக்காம கை போகணும். ஒவ்வொரு தடவ கண்ணாடியப் பாக்கறப்பவும் தலைய லேசா அசைங்க, கண்ண மட்டும் உருட்டினா பக்கத்துல இருக்கறவருக்கு நீங்க பாத்தது தெரியாது. இது நடிப்புதான், ஆனா நல்ல நடிப்பு.

ரிவர்ஸ்ல எல்லாரும் ஸ்டியரிங்க முன்கூட்டியே திருப்பிடறாங்க. வண்டி நகராம ஸ்டியரிங்க சுத்தாதீங்க, ஹாஃப் கிளட்ச்சுல எறும்பு மாதிரி நகத்திக்கிட்டே சுத்துங்க. பின் பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்க திருப்பணும், இத மட்டும் மனசுல வச்சா குழப்பம் இல்ல. கண்ணாடிய மட்டும் நம்பாம திரும்பிப் பாருங்க.

கை சிக்னலும் கேப்பாங்க, இண்டிகேட்டர் இருக்கற காலத்துல எதுக்குன்னு கேக்காதீங்க, ஃபியூஸ் போற அன்னிக்குத் தெரியும். வலது பக்கம் திரும்ப கைய நேரா நீட்டணும். இடது பக்கம் திரும்ப அதே வலது கைய நீட்டி இடஞ்சுழியா சுத்தணும். மெதுவாகறேன்னு சொல்ல உள்ளங்கைய கீழ பாத்த மாதிரி வச்சு மேல கீழ ஆட்டணும். நிக்கப் போறேன்னா முழங்கைய மடக்கி கைய மேல தூக்கணும். கண்ணாடி முன்னாடி நின்னு பழகுங்க, வீட்ல இருக்கறவங்க என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சாலும் பரவால்ல.

வண்டிக்கு ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் உயிரோட இருக்கான்னு முந்தின நாளே பாருங்க. எல் போர்டு முன்னாடியும் பின்னாடியும் இருக்கணும், வெள்ளையில செவப்பு எல். எங்க கண்ணெதிர்லயே இன்சூரன்ஸ் முந்தாநாள் முடிஞ்சுபோன வண்டியோட வந்து திரும்பிப் போனவங்க உண்டு. பாஸ் ஆனதும் கார்ட கையில குடுக்க மாட்டாங்க, 2024 பிப்ரவரிலேர்ந்து தமிழ்நாட்டுல ஸ்பீட் போஸ்ட்லதான் வருது, அதனால அட்ரஸ்ல கதவு எண் சரியா இருக்கான்னு பாருங்க. அது வர்ற வரைக்கும் டிஜிலாக்கர்ல எறக்கி போன்ல வச்சுக்கலாம், செல்லும்.

"ஆட்டோமேட்டிக் கார்லயே பழகி, அதுலயே டெஸ்ட் குடுத்தா லைசன்ஸ் தருவாங்களா?"
– வாசகி, மதுரை

தருவாங்க. பைக்குக்குத்தான் கியர் உண்டு, கியர் இல்லன்னு தனித்தனி வகை. காருக்கு எல்எம்வி, அதாவது இலகு ரக மோட்டார் வாகனம்ங்கற ஒரே வகைதான். சட்டப்படி அந்த லைசன்ஸ வச்சுட்டு கியர் வண்டியும் ஓட்டலாம், ஆனா உங்க இடது காலுக்கு அந்த சட்டம் தெரியாதே. என்னிக்காவது அண்ணன் வண்டிய அவசரத்துக்கு எடுக்க வேண்டி வரும்னு தோணினா பத்து மணி நேரம் கியர் வண்டியிலயும் பழகி வச்சுக்கங்க.

"என் பையனுக்கு செவப்பும் பச்சையும் சரியாப் பிரிச்சுத் தெரியாது. கல்யாணத்துக்கு மறைக்கறோம், லைசன்ஸுக்கும் மறைக்கணுமா?"
– தாய், நாகப்பட்டினம்

ரெண்டுக்கும் மறைக்காதீங்கம்மா. முன்னாடி நிறக்குருடுன்னு சொன்னாலே கதவ சாத்திடுவாங்க. 2020 ஜூன்ல மத்திய அரசு விதிய மாத்திட்டாங்க, லேசான, நடுத்தரமான அளவு உள்ளவங்களுக்கு லைசன்ஸ் உண்டு, ரொம்பக் கடுமையா இருந்தாத்தான் இல்ல. கண் டாக்டர்கிட்ட போய் எந்த அளவுன்னு சர்டிபிகேட்டோட தெரிஞ்சுக்கங்க. எங்கிட்ட பழகின ஒருத்தருக்கு இதே பிரச்சன, அவர் சிக்னல்ல நிறத்தப் பாக்கறதில்ல, எடத்தப் பாப்பார். மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போ. முன்னாடி போற வண்டியோட பிரேக் லைட் தெரியறதுக்கு கொஞ்சம் கூடுதலா எடவெளி விட்டு ஓட்டுவார். மத்தவங்களும் அப்படி எடவெளி விட்டா எனக்கு பிரஷர் மாத்திரை மிச்சம்.

"கார் லைசன்ஸ் இருக்கு. கோழித் தீவனம் ஏத்த சின்ன லோடு வண்டி வாங்கப் போறேன். தனியா பேட்ஜ் வேணுமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."
– பண்ணைக்காரர், நாமக்கல்

ஆளாளுக்கு ஒண்ணு சொன்னதுக்குக் காரணம் கோர்ட்லயே ரொம்ப வருசம் இழுத்துச்சு. 2017ல சுப்ரீம் கோர்ட் மூணு நீதிபதி தீர்ப்பு ஒண்ணு வந்து, இன்சூரன்ஸ் கம்பெனிங்க திரும்பக் கேள்வி கேட்டு, கடைசியா 2024 நவம்பர் 6ஆம் தேதி அஞ்சு நீதிபதி பெஞ்ச் முடிச்சு வச்சிருச்சு. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல போகாத சரக்கு வண்டிய எல்எம்வி லைசன்ஸ் வச்சிருக்கறவர் ஓட்டலாம், அதுக்குன்னு பேட்ஜ் மாதிரி தனி அனுமதி எழுதி வாங்க வேண்டியதில்ல. நீங்க சொல்ற சின்ன யானை மாதிரி வண்டியெல்லாம் இதுக்குள்ள ஈசியா வந்துரும். எடைன்னா வண்டி மட்டும் இல்லண்ணே, வண்டியும் சரக்கும் சேத்து ஆர்சியில போட்டிருக்கற மொத்த எடை. அதப் பாத்து வாங்குங்க. அதுக்கு மேல ஏத்தினா அது லைசன்ஸ் பிரச்சன இல்ல, ஓவர்லோடு பிரச்சன, அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.

"லைசன்ஸ் வந்து ரெண்டு வாரம் ஆச்சு. குடும்பத்தோட ஏற்காடு போலாம்னு இருக்கேன். நானே ஓட்டறேன்னு சொல்லிட்டேன். சரிதானே?"
– புது டிரைவர், சேலம்

நாக்குல சனி. சரி, சொல்லிட்டீங்க, ஒரு வாரம் டைம் வாங்கிக்கங்க. சேலத்துலேர்ந்து ஏறற பாதையில 20 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலை 70ன்னு ஒப்பிட்டா இது சின்னதுதான், ஆனா ரெண்டு வாரத்து லைசன்ஸுக்கு 20ம் பெருசுதான்.

மொதல்ல ஊருக்குள்ள ஏதாவது மேம்பாலத்து ஏத்தத்துல, விடிகாலை அஞ்சு மணிக்கு யாரும் இல்லாதப்ப, நின்னு எடுத்துப் பழகுங்க. ஹேண்ட் பிரேக் இழுத்து வச்சுக்கங்க, கிளட்ச் அந்த நடுங்கற எடத்துக்கு வரட்டும், லேசா ஆக்ஸிலரேட்டர் குடுங்க, வண்டி முன்னாடி தள்ளப் பாக்கும், அப்ப ஹேண்ட் பிரேக்க விடுங்க. பின்னாடி ஒரு இஞ்ச் உருளக் கூடாது. இது பத்துக்குப் பத்து வந்தாத்தான் மலைக்கு. ஏன்னா வளைவுல உங்களுக்கு முன்னாடி பஸ் நின்னா நீங்களும் நிக்கணும், உங்களுக்குப் பின்னாடி ஒரு புது கார் ஒட்டி நிக்கும், அது எப்பவும் புது காராத்தான் இருக்கும்.

வளைவுக்கு முன்னாடியே செகண்ட் கியருக்கு வந்துடுங்க, வளைவுக்குள்ள போயி கியரத் தேடாதீங்க. ஹாரன் அடிங்க. மேலேர்ந்து பஸ் வர்றது தெரிஞ்சா வளைவுக்கு முன்னாடியே ஓரமா நின்னு அதுக்கு முழு எடத்தையும் விடுங்க. ஏறி வர்றவருக்குத்தான் முன்னுரிமை, அது ரூல், ஆனா பஸ்ஸுக்குத் திரும்ப எடம் வேணும், அது நீளம். நீளத்தோட சண்ட போட முடியாது.

பயமே எறங்கறப்பத்தான் படணும். எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல எறங்குங்க. பெட்ரோல் மிச்சம்னு யாராவது நியூட்ரல்ல விடச் சொன்னா, அவர இறக்கி விட்டு பஸ்ல வரச் சொல்லுங்க. நியூட்ரல்ல இஞ்சின் வண்டியப் பிடிக்காது, மொத்த பாரமும் பிரேக் மேல விழும், பிரேக் சூடாகி ஒரு கருகின வாசன வரும், அப்புறம் மிதிச்சாலும் பிடிக்காது. இஞ்சின ஆஃப் பண்ணிட்டு எறங்கறது அதவிட மோசம், பவர் ஸ்டியரிங் போயிடும், பிரேக் மிதி கல்லு மாதிரி ஆயிடும். வாசன வந்துச்சுன்னா பத்திரமான எடத்துல நிறுத்தி அரை மணி நேரம் வேடிக்க பாருங்க, தண்ணி ஊத்தாதீங்க.

வீட்ல இருக்கறவங்கள ஒரு விஷயத்துக்குத் தயார் பண்ணுங்க, வளைவுல யாரும் "அய்யோ"ன்னு கத்தக் கூடாது. ஒருத்தர் மட்டும் பேசணும், அதுவும் வழி சொல்ல மட்டும்.

"லைசன்ஸ் காலாவதியாகி ஒன்றரை வருசம் ஆச்சு. எனக்கு 56. புதுப்பிச்சுக் குடுப்பாங்களா, திரும்ப டெஸ்டா?"
– ஓய்வு பெற்றவர், காரைக்குடி

டெஸ்ட்தான் ஐயா. காலாவதியாகி ஒரு வருசத்துக்குள்ள போயிருந்தா புதுப்பிச்சுக் குடுத்திருப்பாங்க, ஒரு வருசம் தாண்டிட்டா திரும்ப ஓட்டிக் காட்டணும். 55 தாண்டினதால இனிமே கெடைக்கறது ஒவ்வொரு தடவையும் 5 வருசத்துக்கு. முப்பதுக்குள்ள எடுக்கற பசங்களுக்கு 40 வயசு வரைக்கும், முப்பதுலேர்ந்து அம்பதுக்குள்ளன்னா 10 வருசம், அம்பதுக்கு மேல 55க்குள்ளன்னா 60 வரைக்கும். நீங்க முப்பது வருசம் ஓட்டினவர், டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்னாடி உங்க பேரப்பிள்ளைய பக்கத்துல உக்கார வச்சு அந்த சீட், கண்ணாடி, பெல்ட் வரிசைய அவன வாசிக்கச் சொல்லுங்க. பழைய ஆளுங்க எல்லாத்தையும் சரியா பண்ணிட்டு பெல்ட்ட மறப்பாங்க.

"மாஸ்டர், உங்க வண்டியில பக்கத்து சீட்டுக்கும் கிளட்ச் பிரேக் இருக்கே, இத்தன வருசத்துல எத்தன தடவ அத மிதிச்சிருப்பீங்க?"
– உங்க பழைய ஸ்டூடண்ட், திருச்சி

எண்ணல. ஆனா உன்னோட நாள்ல பதினோரு தடவ, அதுவும் அந்த மார்க்கெட் முக்குல மட்டும் நாலு. கால் வலிச்சுது, அன்னிக்கு ராத்திரி வெந்நி ஒத்தடம் குடுத்தேன். இப்ப நல்லா ஓட்டறியா?